புது டிஸ்க்கின் எடை

நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன் சங்கிலிமுத்து வாங்கிய அட்வான்ஸில் மிச்சம் நின்றது அவ்வளவுதான்.

வாங்கியது நாற்பதாயிரம். வாரா வாரம் கூலியில் பிடித்துப் பிடித்து இந்த மட்டுக்குக் குறைந்திருந்தது. பிடித்த கணக்கெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் நேற்றுச் சாயங்காலம் செத்துப்போனது.

"பெட்டி போச்சுன்னா நம்ம கடனும் போச்சுலே மாப்ளே! சாமிக்கு ஒரு தேங்காயை உடை" என்று வண்டி மேல் நின்று சிரித்தான் கூட லோடு ஏற்றும் முனியராஜ்.

சங்கிலிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி பாலகுருவுக்குக் கொடுத்தது மறக்காது. பிடித்ததுதான் மறந்துபோகும். பெட்டி போனால் மறுபடியும் நாற்பதாயிரத்தில் வந்து நிற்பார்.

சாத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அவள் நம்பரை முதலாளியிடம் கொடுத்தது சங்கிலிமுத்துதான். பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்ததும் அவன்தான். வைத்தவன் போகாமல் கதவோரமே நின்றுகொண்டான்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூசிய சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து, பெட்டியின் காற்று ஓட்டைகளை அடைத்திருந்தது.

"கும்பிடுறது சரி, அதுக்காக மூச்சு விடுற ஓட்டையை அடைப்பீகளா?" என்றாள். முதலாளி நெளிந்தார்.

மூடியைக் கழற்றினாள். உள்ளே கை வைக்கும் முன், பெட்டியின் தகர உடம்பில் வெறுங்கையை அழுத்தி எடுத்தாள்.

சங்கிலிமுத்துவுக்கு மேல் சிலிர்த்தது. வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் எல்லாரும் கை வைப்பது அப்படித்தான், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று. இந்தப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு அறை இருக்கிறதா?

ஒரு சின்ன அட்டையை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் பொருத்தினாள். எழவில்லை. வயரை மாற்றினாள். எழவில்லை. பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே என்னவோ டிக், டிக் என்று தட்டியது.

"ஹார்ட் டிஸ்க் போகப்போகுது. உசுரு இருக்கும்போதே உள்ள இருக்கிறதை அள்ளிரணும்."

பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் புதியது ஒன்றை மாட்டி, தன் பென் டிரைவைச் செருகிப் பெட்டியை எழுப்பினாள். திரையில் நீலக்கோடு ஒன்று ஊர்ந்தது. பாதியில் நின்றது.

அவன் மூச்சும் நின்றது.

கோடு மறுபடி ஊர்ந்து, கடைசி வரை போனது.

இரண்டையும் கழற்றி, "பிடிங்க" என்று அவனிடம் நீட்டினாள். முறை வைத்துக் கூப்பிடவில்லை.

பழையது செங்கல் துண்டு மாதிரி கனத்தது. புதியதில் எடையே இல்லை. லேபிள் கட்டு ஒன்றுகூட இதைவிடக் கனம். தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் கைக்கு இது பிடிபடவில்லை. கம்பெனி முழுக்க இதற்குள் இருக்கிறது. அவன் குனிந்து நிமிர்ந்த வாரமெல்லாம் இருக்கிறது. பிறந்த பிள்ளையை முதன்முதலாக வாங்கியபோதுதான் அவன் இப்படிக் கை குவித்து ஏந்தியிருந்தான்.

புதியதை வாங்கி மாட்டினாள். திரை எழுந்தது. கணக்கு விரிந்தது.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவன் அவன். எட்டிப் பார்த்துக் கூட்டினான். ச, ங், கி... அவன் பேர்தான். அதற்கு நேரே நாலாயிரத்து அறுநூற்றைம்பது.

"டிஸ்க் காசு குடுத்தாச்சு. ஒன் கூலி எம்புட்டும்மா?" என்றார் முதலாளி.

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இம்புட்டுதான். இதைக் கழிச்சிருங்க."

முதலாளி வரியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

காலையில் அவளும் அவனும் ஒரே வண்டியில்தான் வந்தார்கள். லோடுமேன் மகள் என்று தெரிந்தால் பெட்டியைத் தொட விடமாட்டார்கள் என்று பயந்து, கம்பெனி வாசலுக்குத் தள்ளியே அவளை இறக்கிவிட்டிருந்தான். அந்த நாற்பதாயிரம் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்க வாங்கியது.

முதலாளி விசையைத் தட்டினார். அவன் பேருக்கு நேரே சைபர் விழுந்தது.

"வாங்கப்பா, போவம்" என்று இசைவாணி பையைத் தோளில் மாட்டினாள்.

அவன் கை இன்னும் ஏந்தியபடியே இருந்தது.