உடம்பைக் காட்டாத வரைக்கும்

“பள்ளத்துல விழுந்துட்டா செத்துட்டான்னு அர்த்தமாம்மா? உடம்பைக் காட்டுனாங்களா? காட்டல. அப்போ உயிரோடதான் இருக்கான்.”

மகள் மடிக்கணினியில் ஓடிய படத்தை நிறுத்திவிட்டு, நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நகர்த்தியபடியே ‘உம்’ கொட்டினாள். எதிர் அடுக்குமாடி வீடுகளின் துணியை ஆறு மணிக்குள் தேய்த்து, மடித்து, மாடி மாடியாக ஏறிக் கொடுத்தாக வேண்டும்.

அறுபது எபிசோடு ஓடும் சீனத் தொடர் அது. முப்பத்தெட்டாவதில் தளபதி மலையுச்சியிலிருந்து ஆற்றில் விழுந்திருந்தான். இந்த மாதிரி விவகாரங்களுக்கு மகளிடம் ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. தண்ணீரில் விழுந்தவன் பிழைப்பான். வெள்ளைக் கைக்குட்டையில் ரத்தம் துப்பியவன் தேறமாட்டான். பாதி முகத்துக்கு முகமூடி போட்டுக்கொண்டு வந்து நின்றால் கட்டின மனைவிக்கே அடையாளம் தெரியாது.

அம்மா பாதித் தொடரைச் சமையலறையில் நின்றுதான் கழித்தாள். யாராவது செத்துக் கிடக்கும் கட்டம் வந்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். அடுப்பே பற்றவைக்காத நேரத்திலும் வரும்.

“மாங்காவுலயும் இப்படித்தான். முப்பத்தொண்ணாம் பாகத்துல காணாமப் போன வாள்வீரன் எழுபத்திநாலுல வந்தான். நடுவுல ஒன்பது வருஷம். நான் காத்திருக்கல?”

அந்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள் சுவரோரமாக இடுப்புயரத்துக்கு நின்றன. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மாவுக்கு ஏறாது. நம் புத்தகம் மாதிரிதான் திறப்பாள்; கடைசிப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும்.

“முடிவைப் பார்த்துட்டியா? பார்த்தாலும் வாயைத் திறக்காதே. ஒரு ரசிகைக்கு அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது,” என்று மகள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

“நான் ஏன் சொல்லப் போறேன்,” என்பாள் அம்மா. சொன்னதும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. அம்மா சட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.

“அந்தக் கம்பெனிக்குப் பதில் போட்டியா? அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்னு சொன்னே.”

“இன்னும் போடல. வரலைன்னு போடப் போறேன்.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி அது. நாலு வருஷம் விரல் தேய வரைந்து, மூன்று சுற்றுத் தேர்வைத் தாண்டி மகள் வாங்கிய வேலை. ஊர்தான் ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போகிற தூரம். அம்மாவும் கூடப் போவதாகவும், இந்த வீட்டைக் காலி செய்வதாகவும் பேச்சு.

“ஏன், என்னாச்சு?”

“வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா, அப்பா வந்தா யாரும்மா கதவைத் திறப்பா?”

அப்பா லாரி ஓட்டுநர். மலைப்பாதை வளைவில் லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனபோது மகளுக்கு ஏழு வயது. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன அம்மா நாலு நாள் கழித்துத் திரும்பினாள். வாசலிலேயே காலைக் கட்டிக்கொண்டு, அப்பா எங்கே என்று குழந்தை கேட்டது. லாரிதான் கிடைச்சுது, அப்பா வருவார் என்றாள் அம்மா.

பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. வாசல் பூட்டு துருப்பிடித்துச் சண்டித்தனம் செய்தாலும் மகள் மாற்ற விடவில்லை. அப்பாவிடம் ஒரு சாவி இருக்கிறதே.

“தண்ணியில விழுந்தவர்மா அவரு. உடம்பு கிடைக்கல. பெரிய கதைக்குப் பதினஞ்சு வருஷமெல்லாம் ஒண்ணுமே இல்லை. கடைசிக்கு முந்தின எபிசோடுலகூட வருவாங்க.”

விளையாட்டாகப் பேசுகிற மாதிரிதான் பேசினாள். ஆனால் அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் இருபத்திரண்டு வயதுவரை வந்திருந்தாள்.

மகள் படத்தை மறுபடி ஓடவிட்டாள். ஆற்றங்கரையில் வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உடல். தளபதியின் மனைவி தள்ளாடிக்கொண்டு நடந்து வந்தாள். அம்மா இன்றைக்குச் சமையலறைக்குப் போகவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரையில் துணி விலகியது. கிடந்தது வேறு யாரோ.

“பார்த்தியா, வேற ஆளு. நான் அப்பவே சொல்லல?” என்று கை தட்டினாள் மகள். தட்டிவிட்டு, கம்பெனி அனுப்பிய கடிதத்தைத் திரையில் திறந்தாள். மணி நாலே முக்கால்.

அம்மா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வர்றேன்னு எழுது.”

“அம்மா, அப்பா வந்தா…”

“முடிவு தெரிஞ்சவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லுவியே,” என்றாள் அம்மா.

மகள் பழக்கதோஷத்தில் காதைப் பொத்தக் கைகளைத் தூக்கினாள். அம்மா அந்த இரண்டு கைகளையும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் துணி தேய்த்த கை, சுட்டது.

“அப்பா லாரி விழுந்த அந்த ஆத்தங்கரையில துணியை விலக்கிப் பார்த்தது நான்தான்மா.”