மூட மறுத்த ரிப்போர்ட்

“ஸ்டாண்ட்பை சர்வர் ஏன்மா அசையாம நிக்குது?” என்று பதறிக்கொண்டு வந்தார் புதிதாகச் சேர்ந்த மேனேஜர்.

மெயின் சர்வர் படுத்துவிட்டால் கைகொடுக்க வேண்டிய நகல் அது. சாயங்காலம் எல்லா வேலையையும் அதற்கு மாற்றியாக வேண்டும். அதுவோ காலையிலிருந்து புதிதாக ஒரு வரிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

டேட்டாபேஸ் பார்ப்பவள் திரையைத் துழாவினாள்.

“யாரோ அதுல பெரிய ரிப்போர்ட்டைத் திறந்து போட்டிருக்காங்க சார். அதை மூடினாத்தான் நகல் நகரும்.”

“யாரு?”

“கணக்குப் பிரிவு ஆடிட்டர்.”

“வெட்டி விடுங்க!”

“போன்ல சொல்லாம வெட்டக்கூடாதே சார். ஆபீஸ் சட்டம்.”

“அப்ப பேசித் தொலைங்களேன்!”

கசப்பு மருந்தை விழுங்கியவள்போல் அவள் போனை எடுத்தாள்.

“சார், உங்க ரிப்போர்ட்டை மூடுங்க.”

“படிச்சிட்டிருக்கேன் மேடம்.”

“காலையிலேர்ந்து முதல் பக்கத்துலயே நிக்கறீங்க. எனக்கு இங்க தெரியுது.”

“நிதானமாப் படிக்கிறேன்.”

“விளையாடாதீங்க! எத்தனை தடவை கேட்கறது?”

“இதுதான் முதல் தடவை,” என்ற குரல் தணிந்தது. “நேத்து ராத்திரியிலேர்ந்து நீ என்கூடப் பேசற முதல் பேச்சே இதுதான். போன் பண்ணாம நீ வெட்ட மாட்டேன்னு தெரிஞ்சுதான் திறந்து வச்சேன்.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “மூடுங்க. மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம்.”

மறுநொடி நகல் ஓடத் தொடங்கியது.

“பலே! அந்த மனுஷனை எப்படிம்மா மடக்கினீங்க?” என்றார் மேனேஜர்.

“நான் எங்க சார் மடக்கினேன்? என் வீட்டுக்காரர்தான் என்னை மடக்கிட்டார்!”