பூநாரை நின்றால் வா

"அசையாதீங்க பாய். மூச்சக்கூட மெதுவா விடுங்க."

சூசைராஜ் இதைச் சொல்வது நாலாவது தடவை.

யாக்கூப் அசையவில்லை. அசையும் உத்தேசமும் அவனுக்கு இல்லை. இன்றைக்கு அந்தப் பறவைகள் பறக்கக் கூடாது என்பதில் போட்டோக்காரரை விட அவனுக்குத்தான் கவலை அதிகம்.

நேற்று மாலை கரையிலிருந்து கருவேலங் கிளைகளைத் தூக்கி வந்து, சேற்றில் நட்டு, இந்தக் கூண்டைக் கட்டினார்கள். கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே இந்தச் சதுப்பில் ஒரு குச்சி ஒடிக்கக் கிடைக்காது. உப்புப் பூத்த தரையில் உமரிச் செடி ஒன்றுதான் முளைக்கும். அதுவும் கணுக்காலுக்கு மேல் வளராது.

விடியும் முன்பே இருவரும் உள்ளே ஊர்ந்துவிட்டார்கள். இப்போது நன்றாக வெளுத்துவிட்டது.

எதிரே ஐம்பது கஜத்தில் பூநாரைகள். முந்நூறாவது இருக்கும். சில ஒற்றைக் காலில், சில தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு.

"இன்னும் இருபது கஜம் கிட்ட வரணும். ஒரே ஒரு பிலிம்தான் பாக்கி. பதினொன்ன மூணு நாளா தூரத்துப் புள்ளியா எடுத்துத் தொலைச்சிட்டேன்."

சூசைராஜ் ஆவூர்க்காரர். கீரனூரில் ஸ்டுடியோ. இந்த ஒரு ரோல் கிடைக்க இரண்டு மாதம் அலைந்தாராம். பூநாரைக் கூட்டம் நின்றபடி தெளிவாக விழுந்தால், மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகை அட்டையில் போடுமாம்.

யாக்கூப்பின் காதில் பாதிதான் விழுந்தது. அவன் கண் பறவைகளைத் தாண்டிக் கடலில் இருந்தது.

தம்பி அலாவுதீன் வருகிறான்.

ஆறு வருஷத்துக்கு முன் கள்ளத்தோணியில் யாழ்ப்பாணம் போனவன். அதே மாதிரி திரும்பி வருகிறான். கையில் பாஸ்போர்ட் கிடையாது. பிடித்தால் உள்ளே போடுவார்கள். அவன் போன பிறகு பிறந்த மகள், வாப்பா எப்படி இருப்பார் என்று ராத்திரி பூராவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடையாளத்தை யாக்கூப்தான், தன் பேர் போடாமல், கடிதத்தில் எழுதியிருந்தான்.

'பூநாரை நின்றால் வா. பறந்தால் ஆள் நடமாட்டம். திரும்பிவிடு.'

இந்தச் சமயத்திலா இந்த மனிதர் வந்து இறங்க வேண்டும்? தான் மறுத்திருந்தால் வேறொருவன் கூட்டி வந்திருப்பான். அவன் இருமித் தொலைத்திருப்பான்.

தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

தோணியின் பாய்தான். ஒட்டுப்போட்ட பழைய பாய்.

வா. நிற்கிறது பார். எல்லாம் நிற்கிறது. வா.

"பாத்தீங்களா பாய்?" சூசைராஜ் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே கிசுகிசுத்தார். "சும்மா எலை தழைய சுத்திக்கிட்டு அசையாம உக்காந்தாப் போதும். பக்கத்துலயே இருந்தாலும் அதுகளுக்கு நாம மனுசனே இல்ல. நாமளும் ஒரு புதர்தான்."

"ம்."

"அங்கிட்டு, வாய்க்கா முனையில நிக்கிதே, அந்தப் புதர் மாதிரி. படத்துல அது வேற குறுக்க விழுது."

யாக்கூப்பின் தலை மெல்லத் திரும்பியது.

"எந்தப் புதரு சார்?"

கிளையை விலக்கிப் பார்த்தான். வாய்க்கால் முனை. தோணி வந்து ஒதுங்கும் இடம். ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைப் புதர். அதன் நிழலிலேயே பத்துப் பன்னிரண்டு பூநாரைகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

நேற்று மாலை அங்கே உமரிதான் இருந்தது.

கணுக்கால் உயர உமரி.

அந்தக் கடிதத்தைப் படித்தவன் தம்பி மட்டும் இல்லை.

பாய் இப்போது புள்ளியாக இல்லை. தோணியின் மூக்கே தெரிந்தது.

யாக்கூப் கூண்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்தான்.

"ஏய்! ஓய்! போ! போ!"

சேறு முழங்கால் வரை இழுக்க, தலைத்துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினான். விழுந்தான். எழுந்தான். கத்தினான்.

முந்நூறு பறவைகளும் ஒரே மூச்சில் கிளம்பின. தரையே பெயர்ந்து மேலே போன மாதிரி. செக்கச் சிவந்த இறக்கைகள் வானத்தை மறைத்தன.

"அடப்பாவி மனுசா! கெடுத்தீரே!" சூசைராஜ் அலறியது சிறகோசையில் அமுங்கிப் போனது. "விடியக்காலையிலேர்ந்து தவமா கெடக்கேன்!"

யாக்கூப் காதில் வாங்கவில்லை. பாய் தயங்கியது. சாய்ந்தது. பிறகு, மெல்ல, முதுகைக் காட்டியது.

அப்போதுதான் வாய்க்கால் முனைப் புதர் எழுந்து நின்றது.

கிளைகள் சரிந்தன. உள்ளே நாலு காக்கிச் சட்டைகள். நனைந்து, விறைத்து, வெறிகொண்டு.

முன்னால் வந்தவர் யாக்கூப்பின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எதுக்குடா பறவைய வெரட்டுனே? யாருக்குடா சிக்னலு?"

யாக்கூப் சுற்றும்முற்றும் பார்த்தான். கண்ணில் பட்டது கேமரா ஒன்றுதான்.

"போட்டோ சார்தாங்க... பறக்கிற மாதிரி வேணும்னாரு."

அதிகாரி திரும்பினார்.

சூசைராஜ் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். முகம் இன்னும் கோபத்தில் துடித்தது. யாக்கூப்பைப் பார்த்தார். நாலு காக்கிகளைப் பார்த்தார். தூரத்தில் சிறுத்துக்கொண்டே போன பாயை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "நான்தான் வெரட்டச் சொன்னேன்."

"எடுத்தாச்சா?"

"ஓ. பிரமாதமா விழுந்திருக்கு."

சொல்லிக்கொண்டே கேமராவின் திருகைச் சுற்றினார். கடைசிப் படமும் எடுத்தாகிவிட்டது போல, ரோல் முடியும் வரை சுற்றினார்.

எதுவுமே விழாத பன்னிரண்டாவது பிலிம், சத்தமில்லாமல் உள்ளே சுருண்டது.