அழித்த பெயர்கள்

இராக்கின் மோசூலில் நுஹாத் கல்யாண அட்டை வடிவமைப்பவள். மணப்பெண் பெயரைத் தட்டி முடித்ததும் பெண்ணின் அப்பா, "பேரு எதுக்கும்மா? இன்னார் மகள்னு போடு, போதும்" என்பார். அழித்துவிடுவாள்.

அன்று அவள் கணினியில், கணினி பழுதுபார்க்கும் பையன் சினான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். பழகிய மென்பொருளைத் திறந்தாள். வெற்றுப் பக்கம். ஆனால், அழித்ததை மீட்கும் அன்டூ பொத்தான் ஒளிர்ந்தது. அழுத்தினாள். போன வாரம் அழித்த பெயர் வந்தது.

"பழசை வச்சிருக்கியாடா?"

"இல்லக்கா, சுத்தமாத் தொடச்சிட்டேன்."

இன்னொரு பெயர். இன்னொன்று. பிறகு அவள் பெயரே வந்தது. அவளுடைய கல்யாண அட்டையோ இந்தக் கணினியில் அல்ல, பாக்தாதில் அச்சானது.

அடுத்தது அம்மாவின் பெயர். அம்மா கல்யாணத்துக்கு அட்டையே அடிக்கவில்லை.

பொத்தான் இன்னும் ஒளிர்ந்தது. நுஹாத் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.