மூன்றாவது கோப்பை

"மார்ஜரி, ஸ்கோன் பன்னுக்கு மாவை வெட்டும்போது கட்டரைத் திருகாதே. நேரா அழுத்தி நேரா தூக்கு. திருகினா அடுப்புல ஒரு பக்கமா சாஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

என் கணவர் ஹெட்லி கொதித்தார். "லவ்டே, உனக்கு மண்டை குழம்பிடுச்சா? உன் சீஸ் ஸ்கோன் பக்குவத்தைத் திருடி, ரெண்டு வருஷமா ஊர்க் கண்காட்சிப் போட்டியில கோப்பை வாங்கினவ! அவளுக்குப் போய்ப் பாடம் எடுக்கிறியே!"

"எடுப்பேன். கார ஸ்கோனுக்குக் கடுகுப் பொடி, இனிப்புக்கு மோர்னும் சொல்லிட்டேன்."

சனிக்கிழமை மார்ஜரிக்கே முதல் பரிசு. "மூணாவது கோப்பை! இந்த வருஷமும் நீ ரெண்டாவதுதானா, லவ்டே?" என்று இளித்தாள்.

எல்லோரையும் விட நான்தான் பலமாகக் கைதட்டினேன்.

கண்காட்சியை நடத்தும் சங்கத்தின் தலைவி மைக்கைப் பிடித்தார். "நம்ம ஊர் வழக்கப்படி, மூணு தடவை ஜெயிச்சவங்க அப்புறம் போட்டியிடக் கூடாது. இனிமே வருஷா வருஷம் மார்ஜரி கையாலதான் கோப்பை குடுப்போம்!"

ஊருக்கு வந்து மூன்றே வருஷமான மார்ஜரியின் முகம் வெளிறிப்போனது.

நான் அவள் காதருகே குனிந்தேன்.

"அடுத்த வருஷம் எனக்குக் குடுக்கும்போது கொஞ்சம் சிரிடி. போட்டோ எடுப்பாங்க."