முன் வரிசையில் ஒருவர்

"அவனை முன் வரிசையிலேர்ந்து பின்னால அனுப்புங்க இமாம். இல்லேன்னா நான் வேற மசூதிக்குப் போயிடுறேன்!"

மசூதித் தலைவர் டோக்டோசுன் கொதித்துக்கொண்டிருந்தார். நாரின் என்ற மலை ஊரில் அந்த மசூதி கட்டிய நாளிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக அவர் நிற்பது முன் வரிசையில்தான்.

"யாரைண்ணே சொல்றீங்க?" என்றார் இளம் இமாம்.

"வேன் ஓட்டுற மைராம்பெக்கைத்தான். போன மாசம் வரைக்கும் வோட்காவுல மிதந்தவன், இப்ப என் தோளோட தோள் ஒட்டி நிக்கிறான்."

"இப்பதான் குடிக்கிறதில்லையே?"

"அது இருக்கட்டும். ஒரு வரி ஓதத் தெரியல. முணுமுணுக்கிறதைக் காதால கேட்டேன். குனிஞ்சா பிஸ்மில்லா, நிமிர்ந்தா பிஸ்மில்லா, நெத்தி தரையில பட்டா பிஸ்மில்லா! எதையாவது ஆரம்பிக்கிறப்போ சொல்ற வார்த்தை அது. தொழ வர்றானா, வண்டி ஸ்டார்ட் பண்ண வர்றானா?"

இமாம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடலாம்ணே."

வெள்ளிக்கிழமை. மசூதி நிரம்பியிருந்தது.

"மைராம்பெக், கொஞ்சம் எழுந்திருங்க. தொழுகையில என்ன ஓதுறீங்க?" என்று கேட்டார் இமாம்.

மைராம்பெக்கின் காது மடல் சிவந்துவிட்டது.

"பிஸ்மில்லா மட்டும்தாங்க. மத்தது மண்டையில நிக்க மாட்டேங்குது."

பின்னாலிருந்து யாரோ, "நாப்பத்தஞ்சு வயசுக்கு இது போதும்ப்பா!" என்றதும் சிரிப்பு கிளம்பியது. டோக்டோசுன் தாடியைத் தடவிக்கொண்டார்.

"எப்பல்லாம் சொல்வீங்க?" என்றார் இமாம்.

"கணவாய் ஏறுறப்போ ஒவ்வொரு வளைவுலயும். அப்புறம்... சாராயக் கடையைத் தாண்டுறப்போ. அங்கதான் நிறைய தடவை சொல்லணும்."

"குடியை விட்டு எத்தனை நாளாச்சு?"

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

"நாப்பத்தோரு நாள்!"

சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் ஏழு வயசுல ஓத ஆரம்பிச்சேன்" என்றார் இமாம். "அம்மா பால் காய்ச்சித் தந்தாங்க, அப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். இவரு சாராயக் கடையைத் தாண்டி, தனியா நடந்து வந்திருக்கார். என் ஆரம்பத்தைவிட இவர் ஆரம்பம் பெருசு. இவர் நம்ம மசூதியில தொழுறது நமக்குத்தான் பெருமை. முன் வரிசையிலேயே நிப்பார். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

டோக்டோசுன் எழுந்தார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

அவர் மைராம்பெக்கையே பார்த்தார்.

"இவன் பக்கத்துல நின்னா என் குட்டும் வெளிய வந்துடும்னு பயந்துட்டேன் இமாம். இருபத்திரண்டு வருஷமா எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்... இவனுக்குக் கத்துக்கொடுக்கிறப்போ என்னையும் சேர்த்துக்கங்க!"