வெறுங்கால் நேர்த்தி

ஆட்டம் முடியப் பத்து விநாடி. அமெரிக்கக் கல்லூரியில் பேர்வாங்கிவிட்டு இத்தாலியின் பலெர்மோ நகர அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆட வந்த, பந்தெறியும் குவார்ட்டர்பேக் வெஸ்லி, கடைசிப் பந்தை எறியக் கையை உயர்த்தினான்.

அவன் வீட்டில் வேலைசெய்யும் யசிந்தா, பார்வையாளர் படியில் செபமாலையை இறுக்கிப் பிடித்தாள்.

"காலெல்லாம் கொப்புளம். இவனுக்காகவோ சாந்தா ரொசாலியா கோயில் மலைக்கு வெறுங்காலோடை ஏறினனீ?" என்றான் கணவன் வலன்ரைன்.

"ஓம். பொறுங்கோப்பா, பாப்பம்."

பந்து எதிரணிக்காரன் கையில் விழுந்தது. தோல்வி!

யசிந்தா சிலுவை அடையாளம் போட்டாள். "அம்மா, கேட்டதைத் தந்திட்டாய்!"

"தோக்கவோ நேந்தனீ?" வலன்ரைன் திகைத்தான்.

"பின்னை? முன்வரிசையிலை இருக்கிற அந்தத் தொப்பிக்காரன் அமெரிக்காவிலையிருந்து வந்தவன். வெண்டா இவனைக் கூட்டிக்கொண்டு போயிடுவான். வேலை போனா இஞ்சை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெஸ்ஸோ அனுமதியை ஆர் புதுப்பிக்கிறது?"

வெஸ்லி தலைகுனிந்து வந்தான். அவள் கொப்புளக் கால்களையும் கையிலிருந்த செபமாலையையும் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கியது.

"எனக்காக மலை ஏறினாயா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டான். "அந்தத் தொப்பிக்காரர் எங்கள் அணியின் புது முதலாளி. வென்றிருந்தால் இங்கேயே மூன்று வருஷ ஒப்பந்தம். தோற்றதால் நாளைக்கே ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாவம் யசிந்தா, உன் நேர்த்திதான் பலிக்கவில்லை."